அந்துவானின் நின்றுகொண்டு போகும் வண்டி

எங்கள் மாதா கோவிலின் கடைசித் தூணோரம் இருக்கும் உயரமான முக்காலியை அகற்றுவதில்லை என்று பங்குப் பேரவை சென்ற ஞாயிற்றுக்கிழமை ஏகமனதாகத் தீர்மானித்தது. ஒருவர் முன்மொழிந்தார், மற்ற எல்லோரும் ஒரே நேரத்தில் வழிமொழிந்தார்கள். அகற்றாமல் வைத்திருக்கும் முக்காலியில் இனி யாராவது உட்காரலாமா கூடாதா என்ற கேள்வி விரிவாக விவாதிக்கப்பட்டு, அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. எங்கள் ஊரில் ஒரு மரச்சாமானுக்கு இவ்வளவு மதிப்பு இதற்கு முன் கிடைத்ததில்லை.

அந்த முடிவுக்குக் காரணமான செய்தியைக் கோவிலில் மணி அடிப்பவர் கொண்டுவந்தார். நாங்கள் திருவிழாப் பந்தலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவர் வாசலிலேயே நின்று, "சொல்தா பூட்டாரு" என்றார். இரண்டாம் பூசைக்குப் புறப்பட்டுச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாராம். பித்தானைப் பாதியில் விட்டுச் சுவரில் சாய்ந்தாராம். வேறு விவரம் எதுவும் இல்லை. பந்தலைப் பற்றி அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

சொல்தா அந்துவானைத் தெரியாதவர்கள் வில்லியனூர் பக்கத்தில் குறைவு. அந்தச் சிலருக்காகச் சொல்கிறேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்களை நாம் சொல்தா என்கிறோம். அல்ஜீரியாவில் ஒரு லாரி கவிழ்ந்ததில் இவருடைய இடது முழங்கால் நேராகிவிட்டது. அதன் பிறகு அது மடங்கவே இல்லை. பூசையில் எல்லோரும் முழந்தாளிடும்போது அவர் மட்டும் நின்றார். அந்த முக்காலி, உட்காருவதற்கும் நிற்பதற்கும் நடுவில் அவர் ஆண்டவரோடு செய்துகொண்ட சமரசம்.

ஒருமுறை வில்லியனூர் பேருந்தில் அவர் உட்கார்ந்திருந்த இருக்கைக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவருடைய கால் நடைவழியை அடைத்துக்கொண்டிருந்தது. "யோவ் பெருசு, கால மடக்குய்யா. வழியில நீட்டிக்கினு" என்றார் நடத்துனர். "நானும் எம்மாம் வருசமா சொல்லிப் பாத்துட்டேன்பா, கேக்க மாட்டேங்குது. நீ வேணா சொல்லிப் பாரு" என்றார் அந்துவான். பேருந்தே சிரித்தது. நிறுத்தம் வந்ததும் இரண்டு பேர் அவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, உர மூட்டையை இறக்குவதுபோல் தரையில் வைத்தார்கள். உதவி செய்வதில் நம் ஊர்க்காரர்களை யாரும் குறை சொல்ல முடியாது. கேட்காமலே தூக்கிவிடுவோம். வேட்டிக்குள் சட்டையைச் சரிசெய்துகொண்டு அவர் என்னிடம் சொன்னார்: "கிளார்க்கு, எனக்குப் படிக்கட்டோட சண்டை இல்ல. நாற்காலியோடதான். ஒலகத்துல இருக்கிற அத்தன வண்டியும் நாற்காலிக்குச் சக்கரம் வச்சதுதான்." நான் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். கடைசிவரை எனக்கு வேறு பெயர் இருப்பதாக அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

அவருடைய தங்கை மகன் பிரான்சில், தூலோன் நகரத்தில் இருந்தான். ஆண்டுக்கொருமுறை சோப்பு அனுப்புவான். அப்படி வந்த சோப்பு ஒன்றைச் சுற்றியிருந்த பத்திரிகைத் தாளோடு அந்துவான் ஒருநாள் அலுவலகத்துக்கு வந்து என் மேசை முன் நின்றார். படத்தில் கடல். கடல்மேல் ஒரு சின்னப் படகு மாதிரி ஒன்று. அதன் நீண்ட கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரன் நின்றுகொண்டு போகிறான். அவனுக்குப் பின்னால் தண்ணீர் பீறிட்டு அடிக்கிறது.

"நல்லா பாரு கிளார்க்கு. இவன் எங்கயாவது மடங்கியிருக்கானா?"

பார்த்தேன். மடங்கவில்லை.

"இதுல ஒரு தடவ போவணும். யாரும் ஏத்திவிடாம, யாரும் எறக்கிவிடாம."

பாகூரிலிருந்து நெட்டப்பாக்கம் வரை பம்புசெட் பழுதுபார்த்துக்கொண்டிருந்த கோவிந்தனிடம் படம் போயிற்று. அந்த வட்டாரத்தில் கோவிந்தன் கை படாத பம்புசெட் இல்லை. இரண்டாவது முறையும் கை படாத பம்புசெட்டும் இல்லை. படத்தைத் தலைகீழாக ஒருமுறையும் நேராக ஒருமுறையும் பார்த்துவிட்டு, "இது இன்னா முசே, பம்புசெட்டப் படுக்க வச்ச கதைதான். முன்னால தண்ணிய உறிஞ்சணும், பின்னால துப்பணும். துப்புனா போவப்போவுது" என்றார். ஐயா என்பதற்குப் பதில் அவரை முசே என்று பிரெஞ்சில்தான் கோவிந்தன் கூப்பிடுவார். பழைய மோட்டார் சைக்கிள் இன்ஜின் ஒன்று கிடைத்தது. பலகையால் உடலைச் செய்து அதன்மேல் ஃபைபர் பூசினார்கள். அந்துவான் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு நாளும் படத்தோடு ஒப்பிட்டார்.

அவர் மனைவி பிலோமினா என்னிடம் வந்தார். "அண்ணே, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. மடங்குற கால்னா நீந்தலாம். இது நேரா நிக்கிற கால். தண்ணியில வுழுந்தா நேரா கீழதான் போவும்." நான் எடுத்துச் சொன்னேன். அந்துவான் நின்றபடி கேட்டுக்கொண்டார்.

தை மாதம். ஊசுட்டேரி நிரம்பியிருந்தது. மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் மதகுப் பக்கம் இறக்கினோம். முதல் சோதனையில் இன்ஜின் அலறியது, வண்டி அசையவில்லை. தண்ணீர் உறிஞ்சும் வாயில் ஏரிப்பாசி அடைத்துக்கொண்டது. கோவிந்தன் ஒரு சல்லடையை வைத்துக் கட்டினார். பாசி நின்றது, கூடவே தண்ணீரும் நின்றது. சல்லடையை எடுத்துவிட்டுக் கம்பிகளை வரிசையாக வைத்தார். இப்போது பம்பு தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை இழுத்தது. பம்புசெட்டில் காற்று இழுத்தால் இணைப்பில் களிமண்ணை அப்புவது வழக்கம். கோவிந்தன் அதையே செய்தார். வண்டி போயிற்று, மூக்கைத் தண்ணீருக்குள் நுழைத்துக்கொண்டு. இன்ஜினைப் பின்னால் நகர்த்தினார்கள். அதற்கு ஒரு வாரம் ஆயிற்று.

அடுத்த சோதனையில் கோவிந்தனே ஏறினார். விசை கொடுத்தார், கொஞ்ச தூரம் போனார், விழுந்தார். வண்டி விழவில்லை. அவர் இல்லாமலே ஏரியின் குறுக்கே முழு வேகத்தில் ஓடி, எதிர்க்கரையில் குளித்துக்கொண்டிருந்த எருமைகளை நோக்கிப் போயிற்று. எருமைகள் நாங்கள் அதுவரை அறியாத வேகத்தில் கரையேறின. விசைக் கம்பியை வைத்த இடத்திலேயே நிற்கும்படி கோவிந்தன் அமைத்திருந்தார்.

"கைய எடுத்தா நிக்க வேணாமாடா?" என்றார் அந்துவான்.

"இன்னா முசே பேசற? கைய எடுத்தா நிக்கிற மாதிரி எவனாவது பம்புசெட்டு வைப்பானா? பாதி வயலு காஞ்சிபூடுமே!"

"இது வயலா?"

கோவிந்தன் ஏரியைப் பார்த்து யோசித்தார். பிறகு தன் சைக்கிள் கேரியரிலிருந்து ஸ்பிரிங்கைக் கழற்றி விசையில் மாட்டினார். கையை எடுத்தால் விசை குறைந்தது. வண்டி மெதுவாக வட்டமடித்துக்கொண்டு காத்திருந்தது.

அதன் பிறகு எல்லாம் சரியாக நடந்தது. கோவிந்தன் தண்ணீரில் வண்டிமேல் மார்பைப் போட்டுப் படுத்து விசை கொடுத்தார். வண்டி இழுத்துக்கொண்டு கிளம்பியது. ஒரு முழங்காலை மேலே வைத்தார். மற்ற முழங்காலை வைத்தார். கைப்பிடியைப் பிடித்து எழுந்து நின்றார். படத்தில் இருந்தது போலவே போனார். கரையில் இருந்தவர்கள் விசில் அடித்தார்கள். நான் திரும்பி அந்துவானைப் பார்த்தேன். அவர் வண்டியைப் பார்க்கவில்லை. கோவிந்தனின் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படத்துல இது இல்லியே கிளார்க்கு" என்றார்.

மடக்காமல் ஏறுவதற்கு வழி உண்டா என்று அவரே தேடினார். மதகின் கடைசிப் படி தண்ணீர் மட்டத்துக்குச் சமமாக இருந்தது. அதில் நின்று, நல்ல காலை மட்டும் வண்டியில் வைத்து, விசை கொடுத்த அதே நொடியில் மற்ற காலையும் எடுத்து வைத்துவிட்டால் முழங்கால் தேவையில்லை. வண்டியை நானும் கோவிந்தனும் மார்பளவு தண்ணீரில் நின்று பிடித்துக்கொள்ள வேண்டும். அவரைப் பிடிக்கக் கூடாது. பிலோமினா ஸ்கூட்டர் ட்யூப் ஒன்றை அவர் மார்பைச் சுற்றிக் கட்டினார். அதை அவர் மறுக்கவில்லை. முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். முதல் மூன்று முறை படியோரமே விழுந்தார். நான்காவது முறை வண்டி எங்கள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போயிற்று.

அந்துவான் நின்றார். நேராக, பட்டாளத்துக்காரர் நிற்கிற மாதிரியே நின்று, நாமக்கோழிகள் இரண்டு பக்கமும் விலக, ஏரியின் நடுவை நோக்கிப் போனார். கரையில் யாரும் விசில் அடிக்கவில்லை. பிலோமினா வாய்விட்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் அதை நிறுத்திவிட்டு வெறுமனே பார்த்தார்.

நேராகப் போவதற்கு அந்த வண்டியில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஏரிக்கு மறுகரை உண்டு. திரும்ப வேண்டும் என்றால் உடம்பைச் சாய்க்க வேண்டும், சாய்க்க முழங்கால் வளைய வேண்டும். அவர் கைப்பிடியைத் திருப்பினார். வண்டி திரும்பியது, அவர் திரும்பவில்லை. விழுந்த இடத்தில் தண்ணீர் மூடிக்கொண்டது. பிலோமினா புடவையோடு ஏரிக்குள் இறங்கிவிட்டார். ட்யூபும் தலையும் மேலே வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று இன்றுவரை எங்கள் மூவருக்குள் ஒத்த கருத்து இல்லை. ஸ்பிரிங் தன் வேலையைச் செய்திருந்தது. வண்டி வட்டமடித்து அவர் பக்கத்தில் வந்தது. ஏற முடியாமல் அதைப் பிடித்துக்கொண்டு மிதந்தார். கோவிந்தன் நீந்திப்போய் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

கரையோரம் சேறு. நேரான காலை ஊன்றி அதில் எழ முடியாது. நான் அக்குளில் கை கொடுக்கப் போனேன்.

"தொடாத."

"வழுக்குது முசே..." என்றார் கோவிந்தன்.

"யாரும் தொடாதீங்கடா."

நாங்கள் தொடவில்லை. அவர் குப்புறப் புரண்டு, முழங்கைகளை ஊன்றி, அந்தக் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு ஏரிக்கரையில் ஏறினார். கன்றுக்குட்டி துள்ளி ஏறிவிடும் சரிவு அது. நடுவில் சேற்றில் முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தார். பிறகு மறுபடி ஏறினார். பிலோமினா முந்தானையைக் கடித்துக்கொண்டு, கையில் அவருடைய செருப்புகளோடு, ஒரு எட்டு பின்னால் ஏறினார். கரைமேல் பனைமரம் ஒன்று இருந்தது. அதைக் கட்டிக்கொண்டு அவராக எழுந்து நின்றார்.

"கிளார்க்கு, போவும்போது பாத்தியா?"

"பார்த்தேன்."

"எங்கயாவது மடங்கினனா?"

"இல்லை."

அவர் முகத்தில் அப்போது இருந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. அது அதிக நேரம் இருக்கவும் இல்லை. பிலோமினா அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, அது திரும்ப வரட்டும் என்ற ஆசையில்தான் கோவிந்தனிடம் கேட்டார்: "தம்பி, அதுல ஒரு சீட்டு போட முடியுமா பாரு. இவுரு பத்திரமா உக்காந்துக்கினு போவட்டும்."

"அதுக்கின்னாம்மா, ரெண்டு ஆங்கிள், ஒரு பலகை" என்றார் கோவிந்தன்.

அந்துவான் பனைமரத்தைப் பிடித்தபடி சட்டையிலிருந்த சேற்றை வழித்துப் போட்டார். மறுநாள் கோவிந்தனை அழைத்து, "எடுத்துக்கினு போ. பம்பு நல்ல பம்பு" என்றார். கோவிந்தன் உடலைப் பிரித்துவிட்டார். அந்தப் பம்பு கரியமாணிக்கத்தில் ஒரு மல்லாட்டை வயலுக்குப் போயிற்று. அந்துவான் அதன் பிறகு வண்டியைப் பற்றிப் பேசவில்லை. நான் ஒருமுறை பேச்சை எடுத்தேன். "ஏரியில தண்ணி கொறஞ்சிடுச்சி" என்றார். அது ஐப்பசி மாதம்.

அவரை அறிந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் அவருடையது ஏதாவது இருக்கும். என்னிடம் இருப்பவை மூன்று. கோவிந்தன் திருப்பிக் கேட்காமல் விட்ட அந்த ஸ்பிரிங். சோப்பு வாசனை போய்விட்ட படம். கேட்காமல் யாருக்கும் கை கொடுக்காத பழக்கம். மூன்றாவதால் பேருந்து நிறுத்தத்தில் எனக்கு நல்ல பெயர் இல்லை.

அடக்கம் திங்கட்கிழமை நடந்தது. முந்தின நாள் மழை பெய்திருந்ததால் கல்லறைத் தோட்டத்துப் பாதையில் வண்டி போகவில்லை. ஆறு பேர் தூக்கிக்கொண்டு போனோம்.