பத்துக்குப் பத்து

கோசலைக்கு வாய் சும்மா இருக்காது. மகள் சிவாஜினிக்கும் தம்பி குணரத்தினத்தின் மகன் கிருஷிகனுக்கும் சாதகம் பார்த்த அன்றே லா சப்பல் தெருத் தமிழ்க் கடைகளெல்லாம் ஏறி இறங்கி, "பத்துக்குப் பத்தும் பொருத்தமாம்!" என்று சொல்லித் தீர்த்துவிட்டாள். ஐயர் சொன்னது என்னவோ ஏழுதான். அதை யார் கேட்டது?

அவள் வீட்டுவேலைக்குப் போகும் இடத்து எசமானி மதாம் எஸ்தெர், யூதப் பெண்மணி. செய்தியைக் கேட்டதும், "சொந்தத்துக்குள்ளேயா? இரத்தம் பார்த்தீர்களா?" என்றாள். தங்கள் ஆட்களில் பலர், பெண்ணும் மாப்பிள்ளையும் ஆளையாள் காண முன்பே பரம்பரை நோய் பார்க்க இரத்தம் கொடுத்துவிடுவார்களாம். கையில் ஓர் இலக்கம் மட்டும் கிடைக்கும். இரண்டு இலக்கத்தையும் சொன்னால் சேரலாம் அல்லது வேண்டாம் என்று பதில் வரும். வேண்டாம் என்றால் பேச்சு அத்தோடு சரி. ஏன் என்று ஊர் அறியாது.

கோசலையும் பிள்ளைகளைப் பரிசோதனைக்கு அனுப்பினாள். வந்து விழுந்தது இடி. இருவர் இரத்தத்திலும் தலசீமியாக் குறை மறைந்திருக்கிறதாம். அவர்களுக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. வந்தால் ஆயுள் முழுக்க இரத்தம் ஏற்றவேண்டும்.

"நாங்கள் ரெண்டுபேரும் கதைச்சிட்டம், வேண்டாம்," என்றாள் சிவாஜினி. "நீங்கள்தானே அம்மா எல்லாருக்கும் சொன்னனீங்கள். நீங்களே நிப்பாட்டுங்கோ."

எப்படி நிறுத்துவாள்? "சாதகம் சரிவரேல்லை" என்ற ஒரு சொல், எத்தனை சம்பந்தங்களை ஒருவர் மானமும் போகாமல் முடித்துவைத்திருக்கிறது! அந்தச் சொல்லைத் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டாளே, பாவி. இரத்தக் கதையைச் சொன்னாலோ மகளை நோய்க்காரி என்பார்கள்.

சனிக்கிழமை மகளோடு மரக்கறி வாங்கப் போனாள். கடைக்காரி பூரணி முருங்கைக்காயை நிறுத்தபடி, "என்ன கோசலையக்கா, சத்தத்தைக் காணேல்லை? எப்ப கலியாணம்?" என்றாள். நின்ற பெண்களெல்லாம் திரும்பினார்கள். சிவாஜினி தாயின் முகத்தையே பார்த்தாள். சொல்லிவிடத்தான் கோசலை வாயைத் திறந்தாள்.

"ஆவணியிலை," என்றாள்.

"பிறகென்ன, பத்துக்குப் பத்தெல்லோ!" பூரணி சிரித்துக்கொண்டு ஒரு பிடி கறிவேப்பிலையைச் சும்மா பைக்குள் போட்டாள். சிவாஜினி பையைத் தாயின் கையில் கொடுத்துவிட்டு, கார் து நோர் ரயில் நிலையப் பக்கம் நடந்தாள். "பிள்ளை, நில்லு!" என்று கூப்பிடக் கோசலை வாயெடுத்தாள். அதற்குள் பெண்கள் வாழ்த்துச் சொல்ல அவளைச் சுற்றிக்கொண்டார்கள்.