மாமாவைக் கண்டால் எழும்பும் வியாதி

சிகரெட் புகையும், கம்பளத்தில் ஊறிப்போன கோப்பி மணமும்... தொண்ணூறுகளின் கடைசியை நினைத்தாலே எனக்கு அதுதான் முதலில் மூக்கில் ஏறும்.

உங்களில் பலருக்கு இன்றுவரை தெரியாது. மிசிசாகாவில் பக்டரி வேலை என்று சொல்லிக்கொண்டு நான் திரிந்த மூன்று வருடமும், என் தொழில் கசினோவில் பிளாக்ஜாக் சீட்டாட்டம்!

அதிர்ஷ்டத்தை நம்பி ஆடவில்லை. சீட்டு எண்ணினேன். சின்னச் சீட்டு விழுந்தால் ஒன்று கூட்டு, பெரிய சீட்டு விழுந்தால் ஒன்று கழி. கணக்கு நன்றாக ஏறினால், இனி வரப்போவது பெரிய சீட்டுகள். அப்போது காசைக் கூட்டிக் கட்ட வேண்டும். குற்றமில்லை, ஆனால் பிடிபட்டால் வாசலைக் காட்டிவிடுவார்கள்.

டோர்செட் பார்க் அப்பார்ட்மென்டில் நண்பர்களோடு 304 என்ற சீட்டாட்டம் ஆடிப் பழகிய மூளைக்கு எண்ணுவது லேசு. வீடுதான் கஷ்டம். என் மனைவி வதனி, "சீட்டுக்காரனோட நான் இருக்கமாட்டன்" என்று கல்யாணத்துக்கு முன்பே சொன்னவள். கடைசி வருடத்தில் கர்ப்பிணி வேறு. தெரிந்தால் போய்விடுவாள் என்று பயந்து பயந்து, தினமும் சாப்பாட்டுப் பெட்டியோடு வெளிக்கிட்டேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், நயாகரா கசினோவில் இருக்கிறேன். ஸ்காபுரோவில் இருந்து முதியவர்களை ஏற்றிவரும் பஸ் வந்து நிற்கிறது. அதிலிருந்து இறங்கி உள்ளே வருகிறார்... எங்களோடு ஒரே வீட்டில் இருக்கும் வதனியின் அப்பா!

இருவரும் திருட்டு முழி முழித்தோம்.

"தம்பி, நீர் பக்டரியில எல்லோ?"

"மாமா, நீங்கள் கோயில் பஜனையில எல்லோ?"

அதோடு பார்ட்னர் ஆகிவிட்டோம். நான் மேசையில் சின்னக் காசு கட்டி எண்ணிக்கொண்டிருப்பேன். கணக்கு ஏறியதும் கண்ணாடியைத் துடைப்பேன். தூரத்தில் நிற்கும் மாமா வந்திருந்து பெரிய காசு கட்டுவார். ஒரே விதி: ஒருவரை ஒருவர் தெரியாது.

இரண்டு மாதம் அருமையாக ஓடியது.

பிறகு ஒருநாள் சூப்பர்வைசர் என் தோளைத் தொட்டார். சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் கேட்டார்: "இந்தப் பெரியவரைத் தெரியாது என்கிறாய். அவர் மேசைக்கு வரும்போதெல்லாம் ஏன் கதிரையை விட்டு எழும்புகிறாய்? கமராவில் ஆறு தரம் பார்த்துவிட்டோம்."

எனக்கே தெரியாது! மாமா வந்தால் மருமகன் எழும்பத்தானே வேண்டும்... உடம்பு தன்பாட்டில் எழும்பியிருக்கிறது.

இருவருக்கும் ஆயுள்தடை. கார் பார்க்கில் மாமா தலையில் கைவைத்தார். "உமக்கு உந்த மரியாதை கூடிப்போச்சுது தம்பி!"

"உங்களைக் கண்டிட்டு எப்பிடி மாமா இருக்கிறது?"

எனக்குக் கவலை வரவில்லை. நெஞ்சில் இருந்து ஒரு பாறை இறங்கியது போல இருந்தது. திரும்பி வரும்போது கார் ரேடியோவில் போன பாட்டை, மூன்று வருடத்துக்குப் பிறகு, மனதுக்குள் ஒன்றும் எண்ணாமல் முழுசாகக் கேட்டேன். மாமாவைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய் வதனியிடம் என் கதையை ஒப்புக்கொண்டேன்.

அவள் அசையவில்லை. "சிகரெட் குடிக்காத மனுசன்ரை சேட்டு ஏன் இப்பிடி மணக்குதெண்டு எனக்கு விளங்காதே? நீங்களா எப்ப சொல்லுவியள் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான். இனியும் போவியளோ?"

"விடமாட்டாங்கள்."

"அப்பாடா!" என்றாள். இருவருக்கும் கண் கலங்கிவிட்டது. பிறகு கேட்டாள், "அப்பாவை இன்னும் காணேல்லை..."

"பஜனை முடிய வருவார்."

அந்தப் பொய்யை மட்டும் நான் காப்பாற்றினேன். மாமா காலமாகிவிட்டார். வதனி இதை வாசித்தால் இன்று பேச்சு வாங்கப்போவது நான் மட்டும்தான்.

திங்கட்கிழமையே வேலை தேடி அலைந்து, உண்மையாகவே மிசிசாகாவில் ஒரு பக்டரியில் சேர்ந்தேன்...

அன்று வதனியின் வயிற்றில் இருந்த மகளுக்குப் போன வருடம் கல்யாணம். மருமகன் நல்ல பொடியன். நான் போனால் சோபாவில் கால்நீட்டிப் படுத்தபடியே, "ஹாய் மாமா, வாட்ஸ் அப்?" என்பான்.

வதனிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "உவனுக்கு ஒரு மரியாதை தெரியுதே!"

எனக்கோ பெரிய நிம்மதி... பொடியன் ஓரிடத்திலும் மாட்டுப்பட மாட்டான்.