வேனில் வந்த உயரமான பிள்ளைகள்

பாடாலூரில் மெயின் ரோட்டு ஓரம் டீக்கடை வைத்திருக்கிறேன். சென்னைக்கும் திருச்சிக்கும் போகிற வண்டிகள் நிற்கும். மேட்சுக்குப் போகிற வேன்களும் நிற்கும். பாஸ்கெட்பால் பிள்ளைகள் என்றால் பார்த்ததுமே தெரிந்துவிடும். குனிந்துதான் கடைக்குள் வருவார்கள்.

என் மகளும் அந்த உயரம். பள்ளிக்கூடத்தில் ஆட ஆரம்பித்து மாவட்ட டீம் வரை போனாள். அவளுடைய அப்பா எறையூர் மில்லுக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறார். நிலைப்படியை இடிக்கத்தான் வளர்ந்திருக்கிறாள் என்பார். ஆனால் அவளுக்கு மேட்ச் என்றால் வண்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

பன்னிரண்டாவது முடிந்தது. எந்தக் காலேஜ் என்ற பேச்சு வந்தது. நன்றாக ஆடினால் ரயில்வே, போலீஸ், பேங்க் டீமில் எடுத்துக்கொள்வார்கள். ஆடுவதற்கே வேலை. மகளுக்கு அதுதான் வேண்டும். எந்தக் காலேஜில் படித்தவர்கள் அங்கே அதிகம் போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. டீ கொடுக்கும்போது கேட்டேன். சட்டை முதுகில் ரயில்வே என்றோ போலீஸ் என்றோ எழுதியிருந்தால் விடமாட்டேன். பாதிப் பேருக்கு மேல் சென்னையில் ஒரே காலேஜைச் சொன்னார்கள்.

மகள் அங்கே செலக்‌ஷனுக்குப் போனாள். திருச்சியில் ஒரு சின்னக் காலேஜும் கூப்பிட்டது. அங்கேயும் போய் ஆடிக் காட்டினாள். இரண்டிலும் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். ஃபீஸ் இல்லை. சென்னைதான் என்று கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டேன்.

அந்த வாரமே ஒரு ரயில்வே வேன் நின்றது. அதில் ஒரு பெண் அதே காலேஜில் படித்தவள். மகளும் அங்கேதான் சேரப்போகிறாள் என்றேன். அவள் மகளைப் பார்த்தாள். எந்த இடத்தில் ஆடுகிறாய் என்று கேட்டாள். கூடைக்குக் கீழே என்றாள் மகள்.

"அந்த எடத்துக்கு அங்க ஆளு நெறைய இருக்குக்கா. எங்க காலேஜ்லேருந்து நெறைய பேரு வந்தோம், சரிதான். ஆடுனவங்கதான் வந்தோம். பெஞ்சுல உக்காந்தே படிப்ப முடிச்சவங்க வூட்டுக்குப் போயிட்டாங்க."

வேனில் வந்தவர்களை மட்டும்தான் நான் கேட்டிருந்தேன். வராதவர்கள் எப்படி டீ குடிக்க வருவார்கள்.

சென்னை வேண்டாமோ என்று வீட்டில் சொன்னேன். ஊரெல்லாம் சொல்லிவிட்டாயே என்றார் அவளுடைய அப்பா. சொன்னால் என்ன, மாற்றிக்கொள்ளலாம் என்றேன். திருச்சியில் உயரமான ஆள் இல்லையாம். முதல் மேட்சிலேயே இறக்குவோம் என்று கோச் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து இதுவரை யாரும் பெரிய டீமுக்குப் போனதில்லை. அதையும் அவரே சொல்லிவிட்டாராம்.

"நீ என்னடி சொல்ற?" என்று மகளைக் கேட்டேன்.

"பெஞ்சுல உக்காரவாம்மா இவ்ளோ வளந்தேன்?"

அவளுடைய அப்பா சிரித்துவிட்டார். திருச்சியில் சேர்த்தோம்.

போன மாதம் அந்தச் சென்னைக் காலேஜோடு மேட்ச். என்னால் கடையை விட்டுப் போக முடியவில்லை. சாயந்திரம் போன் வந்தது.

"தோத்துட்டோம்மா. ஆனா கடைசி வரைக்கும் என்னைய வெளிய எடுக்கவே இல்ல."

மேட்ச் பார்க்க வந்த போலீஸ் டீம் கோச் எந்த வருசம் என்று கேட்டாராம். முதல் வருசம் என்றிருக்கிறாள். விடாமல் ஆடு, பார்க்கலாம் என்றாராம். வேலை தருகிறேன் என்று சொல்லவில்லை. பார்க்கலாம் என்றுதான் சொன்னார். எனக்கு இப்போதைக்கு அது போதும்.

கால் வலிக்கிறதா என்று கேட்டேன். வலிக்கிறதாம். வெந்நீர் ஊற்றச் சொன்னேன்.