ஜெபக் குறிப்பில் நான் எழுதிய இரண்டு கம்பெனிப் பெயர்கள்

2008 செப்டம்பர் முடிவதற்குள் இருபத்தாறு லா ஃபர்ம்கள் என்னை வேண்டாம் என்று சொல்லியிருந்தன. எல்லாம் ஒரே கடிதம், மேலே பெயர் மட்டும்தான் வேறு. சட்டப் படிப்பில் இரண்டாம் வருடம் முடிந்ததும் ஒரு கமர்ஷியல் லா ஃபர்மில் கோடை முழுக்கப் பயிற்சி எடுக்க வேண்டும். அந்த இடம் கிடைத்தவர்களுக்குத்தான் பிறகு அங்கே வேலை. என் வகுப்பில் பாதிப் பேர் கையில் ஏற்கெனவே அது இருந்தது. அவர்கள் என்னோடு லஞ்ச் சாப்பிடுவதைத் தவிர்க்க ஆரம்பித்தார்கள், ஏதோ தொற்று வியாதி மாதிரி.

எனக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. அப்பா அம்மாவின் கிரீன் கார்டு வருவதற்குள் எனக்கு இருபத்தொன்று ஆகிவிட்டது. அந்த வயது தாண்டிய பிள்ளை பெற்றோரின் விண்ணப்பத்தில் சேராது என்பதால் அவர்கள் ஃபைலிலிருந்து நான் கழன்றுவிட்டேன். ஒன்பது வயதில் ஈஸ்ட் பிரன்ஸ்விக் ஊருக்கு வந்தவள், வளர்ந்த வீட்டிலேயே ஸ்டூடண்ட் விசாவில் உட்கார்ந்திருந்தேன். விசா ஸ்பான்சர் செய்கிற ஃபர்ம் எடுத்தால் இங்கே இருக்கலாம். இல்லையென்றால் பெட்டி கட்ட வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து பேங்க்குகள் வேறு வரிசையாகச் சரிந்துகொண்டிருந்தன.

அப்போதுதான் இருபத்தேழாவது ஃபர்ம் கூப்பிட்டது. நூவர்க்கில் ஆபிஸ். நான்கு பேர் இன்டர்வியூ செய்தார்கள். கடைசியில் பேசிய பார்ட்னர், நரைத்த தலை, ஒரு சிரிப்புகூட இல்லாத பெண்மணி. என்னைப் பிடித்திருப்பதாகவும், வேலை எவ்வளவு வருகிறது என்று பார்த்துவிட்டு அடுத்த வாரம் முடிவு சொல்வதாகவும் சொல்லி, தன் கார்டைக் கொடுத்தார்.

என்னை லிஃப்ட் வரை கொண்டுபோய் விடவேண்டிய இளம் வக்கீல் ஒரு காலியான அறையில் என்னை உட்கார வைத்துவிட்டு கோட் எடுக்கப் போனார். அந்த அறையின் போர்டில் இரண்டு மருந்துக் கம்பெனிகளின் பெயர்கள். நடுவில் ஒரு அம்புக்குறி. திரும்பி வந்தவர் என் கண் போன இடத்தைப் பார்த்தார். அவசரமாகத் துடைத்தார். இதை நீங்கள் பார்க்கவே இல்லை, சரியா என்று கேட்டார். சரி என்றேன். இருவரும் சிரித்தோம்.

இப்போது என் முட்டாள்தனம்.

எங்கள் சர்ச் ஐக்கியத்தில் இமெயில் ஜெபச் சங்கிலி ஒன்று உண்டு. யார் தேவையை எழுதினாலும் நாற்பது குடும்பங்களுக்குப் போகும். அதை நடத்துகிற ஆல்பர்ட் அங்கிள் வெள்ளிக்கிழமைக் கூட்டம்தோறும் சொல்வார், "பொத்தாம்பொதுவா எழுதாதீங்க. பேரைச் சொல்லி, விவரமா எழுதுங்க." வீட்டுக்கு வந்ததும் விவரமாக எழுதினேன். இந்தக் கம்பெனியும் அந்தக் கம்பெனியும் இணையப் போகின்றன, அது நல்லபடி நடந்தால் ஃபர்முக்கு ஆள் தேவைப்படும், என்னை எடுப்பார்கள், ஜெபியுங்கள். சென்ட் அமுக்கிவிட்டு சாம்பாரைச் சூடு பண்ணப் போனேன்.

கால் மணி நேரத்தில் ஸ்டான்லி அங்கிள் ஃபோன் செய்தார். சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறவர். குரலை இவ்வளவு தாழ்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை.

"ஜெனி, மெயில் ஒண்ணு போட்டியே."

"ஆமா அங்கிள். ஜெபம் பண்ணுங்க."

"பண்றேன்மா. எங்க கம்பெனி பேரு அதுல எப்படி வந்துச்சு?"

அந்த இரண்டில் ஒன்றில்தான் அவர் வேலை செய்கிறார் என்பது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது.

"பார்க்கிங் லாட்ல நின்னு பேசறேன். நீ என் ஆபிஸ் மெயில் ஐடிக்கு அனுப்பியிருக்க. நாளைக்கு எவனாவது இதை வச்சு ஷேர் வாங்கினா முதல்ல என் கழுத்தைத்தான் பிடிப்பாங்க. ரெண்டு பசங்க காலேஜ்ல இருக்காங்க ஜெனி."

வெளியே வராத செய்தியை வைத்துப் பங்கு வாங்கினால் ஜெயில். கசியவிட்டவளும் மாட்டுவாள். பரீட்சையில் இந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கியவள் நான்.

அம்மா நர்ஸ். அன்று லீவில் வீட்டில் இருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்கா இந்த நடுக்கம்? எல்லாரையும் டெலீட் பண்ணச் சொன்னா முடிஞ்சுது. நான் ஃபோன் போடறேன்."

"கொஞ்சம் இரும்மா. ஜெபம் பண்ணிட்டு வர்றேன்."

"இன்னொண்ணா? இப்ப பண்ணது போதாதாடி?"

நான் போய் டிரைவ்வேயில் நின்ற காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். ஆண்டவரே, இதை மூடிவிடும், அந்தப் பார்ட்னர் காதுக்கு மட்டும் போகக்கூடாது என்று கெஞ்சினேன். ஆமென் சொல்ல வரவில்லை. மறுபடி ஆரம்பித்தேன். மறுபடியும் வரவில்லை. மூன்றாம் முறை, நான் யோசித்தே வைக்காத வார்த்தை வாயில் வந்தது. "சொல்றதுக்குத் தைரியம் குடும் ஆண்டவரே." அதற்கு ஆமென் வந்தது. பயம் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கை போய் அந்தப் பார்ட்னர் கொடுத்த கார்டை எடுத்தது.

பார்ட்னர்கள் தங்கள் ஃபோனைத் தாங்களே எடுப்பதில்லை. அன்று அவரே எடுத்தார். அதையும் கர்த்தர் செய்ததாகத்தான் சொல்வேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. யாரையாவது அந்த மெயிலை அழிக்கச் சொன்னாயா?

அம்மா.

ஃபோனைக் காதில் வைத்தபடியே வீட்டுக்குள் ஓடினேன். அம்மா கிச்சன் ஃபோனில், "ஹலோ மேரி, ஜெனி மெயில் ஒண்ணு..." என்று ஆரம்பித்திருந்தாள். நான் பாய்ந்து லைனைத் துண்டித்தேன்.

"ஏன்டி, பைத்தியமா உனக்கு?"

"இதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது சொன்னியாம்மா?"

"இவதான் முதல்ல எடுத்தா. அதுக்குள்ள நீதான் வந்துட்டியே."

இல்லை, யாரையும் அழிக்கச் சொல்லவில்லை என்று பார்ட்னரிடம் சொன்னேன். அவர் மூச்சு விட்டது கேட்டது. அழிக்கச் சொல்லியிருந்தால் அது ஆதாரத்தை அழிப்பது, வெறும் தவறு அல்ல, குற்றம், அப்புறம் யாராலும் உனக்கு உதவ முடிந்திருக்காது என்றார். இன்னும் ஒரு நிமிடம் நான் காரில் உட்கார்ந்திருந்தால் அம்மா மேரி ஆன்ட்டியிடம் அதைச் சொல்லி முடித்திருப்பாள்.

அடுத்த ஒன்பது நாட்கள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஃபர்மிலிருந்து நாற்பது வீடுகளுக்கும் ஃபோன் போனது. பங்கு வாங்கினீர்களா, யாரிடமாவது சொன்னீர்களா, இல்லையென்றால் கையெழுத்துப் போடுங்கள். என் ஜெபக் குறிப்பால் ஆன்ட்டிகள் வக்கீல்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பெரிய பயம் அந்த நாற்பதில் ஒருவரான விக்டர் அண்ணன்தான். பிரசங்கத்தின் நடுவிலும் ஷேர் விலை பார்க்கிற ஆள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவரைத் தனியாகப் பிடித்தேன்.

"அண்ணா, உண்மையைச் சொல்லுங்க. வாங்கினீங்களா?"

"எதை? உன் மெயிலையா? நாலு வரிக்கு மேல இருந்தா நான் படிக்கிறதில்லம்மா. தலைப்பைப் பார்த்து ஜெபிச்சுட்டேன்."

அவருடைய சோம்பலுக்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

ஒருவரும் வாங்கவில்லை. ஸ்டான்லி அங்கிள் மெயில் வந்த அன்று மாலையே தன் கம்பெனியில் விஷயத்தைச் சொல்லியிருந்தார். அவர் வேலைக்கு ஒரு கீறலும் இல்லை. பத்தாம் நாள் பார்ட்னர் கூப்பிட்டு, என்னை எடுக்க முடியாது என்றார். லைப்ரரிப் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அழுகையை அடக்கி, புரிகிறது என்றேன். அவர் ஃபோனை வைக்கவில்லை. இப்படித் தவறு செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களே ஃபோன் செய்து சொன்னது இதுதான் முதல் தடவை என்றார். சின்ன ஃபர்ம் நடத்துகிற ஒரு நண்பரிடம் உன்னைப் பற்றிச் சொல்லலாமா என்று கேட்டார். எதைச் சொல்வீர்கள் என்றேன். எல்லாவற்றையும் என்றார்.

ஜனவரியில் அந்த நண்பர் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார். பதினைந்து வக்கீல்கள் உள்ள கமர்ஷியல் ஃபர்ம். மெயில் அனுப்பியதற்கும் ஃபோன் செய்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று கேட்டார். ஐம்பது நிமிடம் என்றேன். அதுவரை என்ன செய்தாய்? ஜெபம் செய்தேன், முதலில் தப்பான ஜெபம் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மீதியையும் சொல் என்றார்.

இந்தக் கோடை முழுக்க அங்கேதான் வேலை செய்தேன். போன வாரம், படிப்பு முடிந்ததும் சேரச் சொல்லி, விசா ஸ்பான்சர் செய்வதாகவும் சேர்த்துக் கடிதம் கொடுத்தார்கள். அம்மா அதை வாங்கி இரண்டு முறை வாசித்தாள். பிறகு நேராக மேரி ஆன்ட்டிக்கு ஃபோன் போட்டாள்.

நான் மாறிவிட்டேனா? வாய்த்துடுக்கு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் வேலை விஷயத்தை வீட்டில்கூடச் சொல்வதில்லை. ஜெபக் குறிப்பில் தேவையை மட்டும் எழுதுகிறேன். எந்தக் கம்பெனி என்று ஆண்டவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இதை வாசிக்கிற யாராவது, இதை மறைத்துவிடும் என்று இன்றைக்குக் கெஞ்சிக்கொண்டிருந்தால், அந்த ஜெபத்தைப் பாதியிலேயே விட்டுவிடுங்கள். சொல்லத் தைரியம் கேளுங்கள், அவர் தருவார். பயம் இருக்கத்தான் செய்யும், எனக்கும் இருந்தது. பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் தேவலை என்று தோன்றினால் என்னைக் கூப்பிடுங்கள். எந்த ஊரானாலும் டிரைவ் பண்ணிக்கொண்டு வருகிறேன்.