எழுந்து போகிறவர்கள்

நான் புலம்பெயர்ந்து போயிருந்த சான்ட்ரிங்ஹாமில், எனக்கு அடுத்த ஃபிளாட்டில் ஒரு யூதப் பெண் இருந்தாள். என் வயதுதான். கணவன் பிரிந்துபோன பிறகு பண்டிகைகளுக்கு மட்டும் ஜெப ஆலயம் போவாள். அங்கே ஆண்கள் கீழே, பெண்கள் மாடியில். முன்பு கீழே பார்ப்பதற்கு ஒரு தலையாவது இருந்தது என்பாள். அந்த ஒக்டோபரில், அவர்களுடைய பண்டிகைகள் முடிகிற நாளுக்கு என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். எனக்கும் போக வேறு இடமில்லை.

பண்டிகையன்று கார் ஓட்டக்கூடாதாம். அவள் ஓட்டினாள், இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, வீட்டிலிருந்தே நடந்து வந்தவள் போல மூச்சு வாங்கினாள். கடவுளுக்கா ஒளிக்கிறாய் என்று கேட்டேன். கடவுளுக்கில்லை, மாடியில் இருக்கிற கிழவிகளுக்கு என்றாள்.

பிரார்த்தனை நடுவில் இளம்பெண்களும் பிள்ளைகளும் எழுந்து படியிறங்கிப் போனார்கள். இறந்த பெற்றோருக்காக வேண்டுகிற நேரம் அது. தாயும் தகப்பனும் உயிரோடு இருக்கிறவர்கள் உள்ளே இருக்கக்கூடாது, அது வழக்கம் என்று என் காதில் சொன்னாள். உனக்கு இருக்கிறார்களா என்று கேட்டாள்.

யாழ்ப்பாணத்தில் சண்டைக்குப் பயந்து சனம் கிளாலிக் கடலேரி தாண்டி வன்னிக்குப் போய்க்கொண்டிருந்த காலம். கொழும்பிலிருந்து அண்ணன் கடைசியாகப் போனில் சொன்னது இவ்வளவுதான்: "அப்பாவும் அம்மாவும் கிளாலி தாண்டிட்டினம் எண்டு ஆரோ சொன்னவை. வேறை ஒண்டும் தெரியேல்லை."

தெரியாது என்றேன். உட்கார்ந்திருந்தால் நானே அவர்களைச் சாகக் கொடுத்த மாதிரி. எழுந்து போகவும் கால் வரவில்லை.

"தெரியாதவரைக்கும் இருக்கிறார்கள். போ" என்றாள்.

படிக்கட்டில் போய் நின்றேன். பிள்ளைகள் துரத்திப் பிடித்து விளையாடினார்கள். பெண்கள் பாடசாலை விடுமுறை பற்றிக் கதைத்தார்கள். அங்கே நின்ற எல்லோருக்கும் அம்மா இருந்தாள், எனக்கும் இருந்தாள். ஆனாலும் அந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து அவ்வளவு தனியாக நான் நின்றதில்லை.

திரும்பி வந்தபோது மழைக்காக வேண்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே கொட்டோ கொட்டென்று கொட்டியது. எனக்குச் சிரிப்பு வந்தது. மழை இங்கே இல்லையாம், இஸ்ரேலில் பெய்ய வேண்டுமாம். தூரத்து ஊருக்காகக் கேட்கிறார்கள் என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது.

மாலையில் மறுபடி போனோம். ஆண்கள் வெல்வெட் உறை போட்ட வேதச் சுருள்களைத் தோளில் சாய்த்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆடினார்கள். நாங்கள் மேலேயிருந்து கைதட்டினோம். அவள் கால் மட்டும் பெஞ்சுக்கு அடியில் தாளம் போட்டது. அந்தச் சுருளை ஒருமுறைகூடத் தூக்கிப் பார்த்ததில்லை, எவ்வளவு கனமென்றே தெரியாது என்றாள்.

அடுத்த வருடமும் போனோம். அம்மா வன்னியில் காய்ச்சலில் போய்விட்டாள் என்று செய்தி வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அடுத்த ஃபிளாட்காரிக்கு நான் இன்னும் சொல்லவில்லை. இளம்பெண்கள் எழுந்தார்கள். எனக்கு வழிவிட அவள் முழங்காலை ஒதுக்கிக்கொண்டாள்.

நான் எழும்பவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே ஒதுங்கி இருந்தாள். பிறகு முழங்காலைத் திருப்பி, என் முழங்காலோடு ஒட்டி வைத்துக்கொண்டாள்.