சறோ அக்கா கொண்டுவந்த குளிசைகள்

அன்றைக்கு நான் உண்மையைச் சொல்லவில்லை.

"குளிசை ஒழுங்காப் போடுறாய்தானே?" என்று சறோ அக்கா கேட்டார். "ஓம் அக்கா" என்றேன். ஒன்பது நாளாக ஒரு மாத்திரைகூட விழுங்கியிருக்கவில்லை.

சறோ அக்கா நேற்றுக் காலை காலமாகிவிட்டார். இருதயமாம்... இன்று காலைதான் அம்மா எங்கள் ஊர் சண்டிலிப்பாயிலிருந்து போன் எடுத்துச் சொன்னார். சொல்லிவிட்டு அழுதார்.

சறோ அக்கா எங்கள் பக்கத்துச் சுகாதாரத் தொண்டர். நான்கு வருடங்களுக்கு முன் எனக்குக் காசநோய். இதை வாசிக்கும் பலருக்கு இது தெரியாது. இன்று தெரியட்டும்.

ஆறு மாதம், தினமும் குளிசை. நான் விழுங்குவதைக் கண்ணால் பார்ப்பதுதான் அவருடைய வேலை.

அவருடைய சைக்கிள் ஒரு வீட்டு வாசல் படலையில் நின்றால் போதும், அந்த வீட்டில் யாருக்கு என்ன நோய் வருத்தம் என்று ஒழுங்கைச் சனம் முழுக்கக் கதைக்கும். அதனால் சைக்கிளை வாசிகசாலையடியில் விட்டுவிட்டு, கையில் ஒரு பிடி முருங்கையிலையோடு நடந்து வருவார்.

"உந்த வீட்டிலை வேறை கறியே வைக்கிறேல்லையோ எண்டு முன்வீட்டு மனிசி கேக்குது" என்று சிரிப்பார்.

மூன்றாம் மாதம் இருமல் நின்றுவிட்டது. குளிசை மட்டும் குமட்டியது. அந்த நேரம்தான் தங்கை இருபது நாள் குழந்தையோடு வீட்டுக்கு வந்தாள்.

அவளுக்கு என் நோய் தெரியாது. மாப்பிள்ளை வீட்டார் அறிந்தால் பிள்ளையை அனுப்பமாட்டார்கள் என்று அம்மா மறைத்துவிட்டார்.

"தங்கச்சி நிக்கிறாள் அக்கா... ரெண்டு கிழமைக்குக் குளிசையைக் கையிலை தாங்கோ" என்று கெஞ்சினேன். அப்படித் தரக்கூடாது. தந்தார்.

பத்தாம் நாள் சொல்லாமல் வந்து நின்றார்.

"மெய்யாப் போடுறியோ?"

"ஓம் எண்டுறன்."

"அப்ப சலம் என்ன நிறம்?"

அந்தக் குளிசை போட்டால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். வழமைபோலத்தான் என்றேன். குசினி யன்னலில் இருந்த வெறும் ஜாம் போத்தலை எடுத்து நீட்டினார்.

"போய்ப் பிடிச்சுக்கொண்டு வா."

"பகிடி விடாதேங்கோ அக்கா."

"என்ரை மூஞ்சையைப் பார். பகிடி விடுற மூஞ்சையோ?"

அறைக்குள் தங்கை பிள்ளையைத் தாலாட்டிக்கொண்டிருந்தாள். நான் போத்தலோடு போனேன். வெறும் தண்ணீர் நிறத்தில் வந்தது.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்தினார்.

"பிழை என்ரை. கையிலை தந்தது நான். சுகாதாரக் கந்தோரிலை நானே போய்ச் சொல்லுறன். ஆனா இடையிலை விட்டா உந்த வருத்தம் திரும்ப வரும். அந்தப் பச்சைப் பிள்ளைக்குத் தொத்தினால் தாங்காது. இண்டைக்கே கிளினிக்கிலை காட்டவேணும். தங்கச்சிக்கு நீ சொல்லுறியோ, நான் சொல்லட்டோ?"

நான் போத்தலை வாங்கிக் கழுவப் போனேன்.

தங்கை பால் கொடுத்து முடிக்கும்வரை சறோ அக்கா குசினி வாசலில் காத்து நின்றார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

தங்கை பிள்ளையைச் சுற்றி அணைத்தபடி வெளியே வந்தாள். "பிள்ளையை ஒவ்வொரு நாளும் கொஞ்சினனியெல்லே..." அவ்வளவுதான் சொன்னாள். தங்கையும் சறோ அக்காவும் பிள்ளையோடு கிளினிக்குக்கு ஓட்டோவில் ஏறிப் போனார்கள்.

அம்மா படலையில் நின்று சறோ அக்காவைப் பார்த்துக் கத்தினார். "காசநோயைச் சொல்லிக் குடும்பத்தைப் பிரிச்சுப்போட்டுப் போறாய் என்ன! இனி இந்தப் படலைக்குள்ளை காலெடுத்து வைக்காதை!" ஒழுங்கைக்கே கேட்டது. முருங்கையிலை இத்தனை நாளாக மறைத்ததை அம்மாவே ஒரு நிமிடத்தில் ஊருக்குச் சொல்லிவிட்டார்.

அடுத்த நாள் விடிய படலை பூட்டியிருந்தது. சறோ அக்கா வேலிக்கு அந்தப்பக்கம் நின்றார். கையில் முருங்கையிலை.

"இனி என்னத்துக்கு அக்கா உது? எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே."

"கறிக்கு. வேறை என்னத்துக்கு? முதலிலை குளிசையைப் பிடி."

இன்று பின்னேரம் உடலை எடுக்கிறார்களாம். கொழும்பிலிருந்து வந்துசேர எனக்கு நேரம் போதாது. மன்னியுங்கள் அக்கா... அமைதியாகப் போய் வாருங்கள்.

அந்த நேரம் கிளினிக்கில் பார்த்ததில் பிள்ளைக்கு ஒன்றும் இருக்கவில்லை. தங்கை மூன்று மாதம் என்னோடு கதைக்கவில்லை. அம்மா படலையைத் திறக்க ஒரு கிழமை எடுத்தது. சறோ அக்கா ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்தார். நான் விழுங்கி, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டும்வரை வேலியடியை விட்டுப் போகவில்லை.