அசையக் கூடாத பணம்

பாலக்கோடு பேருந்து நிலையம். தக்காளிக் கூடைகளுக்கு நடுவே என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் ஓய்வுபெற்ற ஆசிரியர் மாதையன். மகள் இருக்கும் தாய்லாந்துக்கே குடிபோக ஓய்வுக்கால விசா கேட்கிறார். அதற்கு வங்கியில் பணம் சில மாதங்கள் குறையாமல் கிடக்க வேண்டும்.

“போன தடவ மச்சான் போர்வெல் போடணும்னாரு. எடுத்துக் குடுத்துட்டேங்க. விசா போச்சு.”

கைப்பேசி அடிக்கிறது. ஏரியூரிலிருந்து தம்பி, அவருக்கும் போர்வெல் போடப் பணம் வேண்டும்.

“பணத்தத் தொட முடியாதுடா. தண்ணி பாத்துத் தர நான் வரேன்.”

எதிர்க் கடையில் குடுமியோடு ஒரு தேங்காய் வாங்கி வருகிறார். உள்ளங்கையில் படுக்கவைத்து வயலில் நடந்தால், நீரோட்டத்தின் மேல் அது எழுந்து நிற்குமாம்.

“தாய்லாந்து போய் என்னங்க செய்வீங்க?” என்கிறேன்.

ஏரியூர் பேருந்தில் ஏறியபடி சிரிக்கிறார்.

“அங்கயும் தேங்கா இருக்குதுங்களே!”